மடமா, மாளிகையா?

இடிந்து கிடக்கும் மடாலயம் ஒன்றைப் புதுப்பிப்பது நற்காரியம் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. ஆனால், கூரை வேய்ந்து முடிந்தபின் அதன் கீழ் யார் வசிப்பது என்று கேட்டவுடனேயே பேதம் ஆரம்பமாகிவிடுகிறது. பழைய மடங்களைத் தியானத்துக்கும் தேக ஆரோக்கியத்துக்குமான வாசஸ்தலங்களாக மாற்றும் முயற்சி ஐரோப்பாவில் பரவிவரும் இக்காலத்தில், இக்கேள்வியை வாசகர்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் ஸ்பெயின் தேசத்தை எடுத்துக்கொள்வோம். 1835, 1836-ஆம் ஆண்டுகளில் மெந்திஸாபால் என்ற மந்திரியின் உத்தரவுகளால் அங்கே மடங்களின் சொத்துக்கள் பறிமுதலாயின. துறவிகள் வெளியேறினர், கட்டடங்கள் பாழடைந்தன. அவற்றுள் சில பிற்காலத்தில், 1928-ல் தொடங்கிய 'பாரதோர்' என்னும் அரசாங்கப் பிரயாணிகள் விடுதிகளின் வரிசையில் சேர்ந்தன. கலீஸியாவில் ஸில் நதிப் பள்ளத்தாக்கில் உள்ள ஸாந்தோ எஸ்தேவோ மடம் 2004-ல் இவ்வாறு விடுதியாயிற்று. பெனடிக்ட் சபைத் துறவிகள் ஜபம் செய்த இடத்தில் இன்று வெந்நீர் ஸ்நானமும் மேனியைப் பிடித்துவிடும் சிகிச்சையும் நடைபெறுகின்றன. இத்தாலியின் அமால்பிக் கடற்கரையிலும் 17-ஆம் நூற்றாண்டுக் கன்னிமாடம் ஒன்று 2012 முதல் தனவந்தர்கள் தங்கும் விடுதியாக விளங்கி வருகிறது.

இவற்றை நாம் நிந்திக்கவில்லை. விடுதி வருமானம் இல்லாவிடில் அக்கற்கள் மண்ணோடு மண்ணாகியிருக்கலாம். சுற்றுப்புறத்துக் கிராமவாசிகளுக்கு ஜீவனமும் கிடைக்கிறது. இந்த நியாயத்தை மறுப்பவர் யாருமில்லை. ஆயினும் பெனடிக்ட் முனிவர் ஏற்படுத்திய விதியில் ஜபமும் கையுழைப்பும் ஒரே நாளின் இரண்டு பகுதிகள். விடுதியோ, மடத்தின் மௌனத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு உழைப்பைச் சம்பளக்காரர்களிடம் விட்டுவிடுகிறது. அந்த மௌனமும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விலை பேசப்படுகிறது. விலை கொடுக்க முடியாதவனுக்கு மன அமைதி அவசியமில்லையா?

இக்கேள்விக்கு வேறொரு விடை ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் கிடைக்கிறது. ஐயோனா என்ற தீவு மூன்று மைல் நீளமே உள்ளது. ரயிலில் ஓபன் துறைமுகம் சென்று, கப்பலில் மல் தீவை அடைந்து, அதன் மறுகோடி வரை பஸ்ஸில் போய், மீண்டும் ஒரு படகேறினால்தான் அங்கே கால் வைக்கலாம். 563-ல் அயர்லாந்திலிருந்து வந்த கொலம்பா முனிவர் அங்கே மடம் ஸ்தாபித்தார். கடற்கொள்ளையர் அதைப் பலமுறை சூறையாடினர். 806-ல் மட்டும் 68 பேரை வெட்டிக் கொன்றனர். 1200-ஆம் ஆண்டையொட்டி பெனடிக்ட் துறவிகள் கல்லால் மடம் எழுப்பினர். 1560-ல் வந்த மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அதுவும் பாழாயிற்று.

தீவின் சொந்தக்காரரான ஆர்கைல் பிரபு 1899-ல் இந்த இடிபாடுகளை ஒரு தர்ம சாசனத்தின் மூலம் தர்மகர்த்தாக்களிடம் ஒப்படைத்தார். கோயிலைப் புதுப்பித்து வழிபாட்டுக்குத் திறக்க வேண்டும்; மற்றக் கிறிஸ்தவப் பிரிவினருக்கும் இடந்தர வேண்டும் என்பது அவர் கருத்து. சட்டம் பயின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொத்து தனி மனிதனின் கையை விட்டு நீங்கியதுதான் பின்னால் வந்த நன்மைக்கெல்லாம் அஸ்திவாரம். 1910-க்குள் கோயில் எழும்பிவிட்டது. துறவிகள் உண்டு உறங்கிய பகுதிகள் மட்டும் கூரையின்றிக் கிடந்தன.

அச்சமயம் கிளாஸ்கோ நகரில் கப்பல் கட்டும் கோவன் பகுதியில் ஜார்ஜ் மக்லௌட் என்பவர் பாதிரியாராக இருந்தார். முதல் மகா யுத்தத்தில் வீரப் பதக்கம் பெற்று, பிறகு யுத்தத்தையே வெறுத்தவர். 1930-க்குப் பின் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. பசித்தவனுக்குப் பிரசங்கம் எட்டவில்லை என்பதை அவர் கண்ணாரக் கண்டார். 1938-ல் பதவியைத் துறந்தார். வேலையற்ற கல்தச்சர்களையும் மரத்தச்சர்களையும், பாதிரிப் பயிற்சி பெறும் வாலிபர்களையும் சேர்த்துக்கொண்டு ஐயோனா சென்றார். மரக் குடிசைகளில் எல்லோரும் ஒன்றாகத் தங்கினர். தச்சன் கல் செதுக்கினான். படித்த வாலிபன் அவனுக்குச் சிற்றாளாக நின்று கல் சுமந்தான்.

பணம் எங்கிருந்து வந்தது? ஜேம்ஸ் லித்கோ என்ற கப்பல் முதலாளியை மக்லௌட் அணுகினார். பணம் கொடுத்தால் யுத்த எதிர்ப்பைக் கைவிடுவீரா என்று முதலாளி கேட்டார். முடியவே முடியாது என்றார் பாதிரியார். அப்படியானால் பணம் தருகிறேன் என்று 5,000 பவுன் கொடுத்தாராம் லித்கோ. கொள்கையை விற்காதவனிடம் பணத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். இரண்டாம் யுத்தத்தின்போது மரம் கிடைப்பது அரிதாயிருந்தது. கப்பல் ஒன்று கடலில் எறிந்த மரங்கள் எதிர்க்கரையான மல் தீவில் ஒதுங்கி, மடத்தின் கூரைக்கு உதவின என்று சொல்வார்கள்.

தூஷணைக்கும் குறைவில்லை. பழைய ரோமன் மதத்துக்குத் திரும்புகிறார் என்றனர் சிலர். மாஸ்கோவுக்குப் போகிறார் என்றனர் சிலர். வேலை நிற்கவில்லை. 27 ஆண்டுகள் கழித்து, 1965-ல் பூர்த்தியாயிற்று.

இன்று அங்கே தங்கச் செல்பவர்களும் பணம் செலுத்தத்தான் வேண்டும். அதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் பணம் செலுத்தியதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. வந்தவர் காய்கறி நறுக்க வேண்டும். பாத்திரம் கழுவ வேண்டும். கூடம் பெருக்க வேண்டும். பிறகு எல்லோருடனும் ஜபத்துக்குச் செல்ல வேண்டும். சபையின் அங்கத்தினர்களோ தங்கள் பணத்தையும் காலத்தையும் எவ்விதம் செலவிட்டனர் என்று ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மேனியைப் பிடித்துவிட ஆள் வைக்கும் எந்த விடுதியிலும் இத்தகைய சிகிச்சை கிடையாது.

இடிந்தவை யாவற்றையும் எழுப்பித்தான் தீரவேண்டுமென்பதும் இல்லை. அதே தீவில் அகஸ்டின் சபைக் கன்னியரின் மாடம் இன்றும் இடிபாடாகவே, செம்மையாகப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. வெறும் கல்லைக் காப்பது வேறு. மடத்துக்கு உயிர் கொடுப்பது வேறு.

ஆகவே, பாழடைந்த மடத்தைத் தியான ஸ்தலமாக்க விரும்புவோரிடம் நாம் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. சொத்து யார் பெயரில்? உழைப்பு யாருடையது? வாசலில் யார் தடுத்து நிறுத்தப்படுகிறார்? இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்பவர் புதுப்பிப்பதே மடம். விடை சொல்லக் கூசுபவர் கட்டுவது மாளிகை. அதைக் கட்ட அவருக்கு உரிமை உண்டு. அதற்கு மடம் என்று பெயரிட மட்டும் உரிமையில்லை.