சூதிலிருந்து மீள்வோருக்குப் பட்டவரே துணை

மகாபாரதத்தில் சூதாட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அத்தினாபுரத்துச் சபைதான். தீமிதித் திருவிழாவையொட்டிப் பாரதக் கதை சொல்லும்போதும் அந்தப் பகுதியே பெரிதாக எடுத்துரைக்கப்படுகிறது. அதற்குப் பின் வனபருவத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நாடிழந்து காட்டில் வாழும் தருமர், தம்மைக் காண வந்த பிருகதசுவ முனிவரிடம், "என்னைவிடத் துன்பப்பட்ட அரசன் உண்டோ?" என்று கேட்கிறார். முனிவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரையும் கூறவில்லை. உண்டு என்று சொல்லி, புட்கரனிடம் பகடையில் தோற்று நாடிழந்து, மனைவியையும் பிரிந்து, பிறகு மீண்டெழுந்த நளனுடைய கதையைக் கூறுகிறார். சூதில் தோற்றவனுக்கு மருந்தாகச் சூதில் தோற்று மீண்ட இன்னொருவனின் வரலாறே தரப்பட்டது.

இன்று உலகின் பல நாடுகளில் சூதாட்டப் பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோர் செய்துவருவதும் இதுதான். ஒரே துன்பத்தில் விழுந்தவர்கள் வாரம் ஒருமுறை ஓர் அறையில் கூடி, தத்தம் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நம் அறநிறுவனத்தின் கட்டடத்தில் ஓர் அறையை இதற்குத் தரலாமா என்ற கேள்வி எழுந்துள்ள நிலையில், இது என்ன, எப்படி நடக்கிறது என்பதை அன்பர்களும் நன்கொடையாளர்களும் தெரிந்துகொள்வது நல்லது என்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நம் மக்கள் 'நாலு நம்பர்' என்று சொல்லும் பரிசுச்சீட்டில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. சிங்கப்பூரில் 'பெரியது' என்ற பிரிவில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அடுத்த பத்து எண்களுக்குத் தலா 250. ஆறுதல் பரிசு பத்துக்கும் தலா 60. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே ஒரு வெள்ளி வீதம் வாங்கினால் அவர் கையிலிருந்து போவது 10,000 வெள்ளி. திரும்பி வருவது 6,590. நூறு வெள்ளிக்கு ஏறத்தாழ 66 வெள்ளி. ஆசிரியராக இருந்த காலத்தில் நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போது இதைப் பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. மாணவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் கணக்குப் புரிந்ததால் சூதாட்டத்தை நிறுத்திய ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. கணக்காளர்களும் வங்கி ஊழியர்களும் இந்தப் பழக்கத்துக்கு ஆளாகவே செய்கிறார்கள்.

ஏனென்றால் இது அறியாமை அன்று; நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதனைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் மது, போதைப்பொருள் ஆகியவற்றுக்கு அடிமையாவதோடு ஒரே பிரிவில் வைத்தது. தொடக்கத்தில் கிடைக்கும் ஒரு பெரிய வெற்றி மனத்தில் ஊன்றிவிடுகிறது. எப்போது வரும் என்று தெரியாமல் இடையிடையே வரும் பரிசு, மாதம் தவறாமல் வரும் சம்பளத்தைவிட அதிகமாக மனிதனை இழுக்கிறது. ஓர் எண் தள்ளிப் போய்விட்டால், 'தோற்றேன்' என்று தோன்றுவதில்லை. 'கிட்டே வந்துவிட்டேன்' என்று தோன்றுகிறது. பிறகு விட்டதைப் பிடிக்கும் ஓட்டம் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் ஆடுபவர் பணக்காரராக வேண்டும் என்று ஆடுவதில்லை. நேற்று மனைவியின் வளையலை அடகு வைத்தது நாளை வெளியே தெரிவதற்குள் மீட்டுவிட வேண்டுமே என்றுதான் ஆடுகிறார்.

குடித்தவரைக் கண்டால் தெரிந்துவிடும். வாடை வரும், நடை தள்ளாடும். சூதாடுபவர் சட்டை கசங்காமல் வேலைக்குப் போய் வருவார், கோயிலுக்கும் வருவார். வட்டி முதலைகளின் ஆட்கள் வீட்டுக் கதவில் சாயத்தை ஊற்றிவிட்டுப் போகும் நாள் வரை பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. பல வீடுகளில் மனைவிக்கும் தெரியாது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு முடிவுற்றது. அதனால் ஒரு வழி அடைபட்டது என்று மகிழ்வதற்கில்லை. 2010இல் திறக்கப்பட்ட இரண்டு சூதாட்டக் கூடங்கள் இருக்கின்றன. கைத்தொலைபேசி வழியே நடக்கும் சட்டவிரோதப் பந்தயங்களுக்கோ கதவே கிடையாது.

இனி, அந்தக் கூட்டங்களின் வரலாறு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்ற பங்குச் சந்தைக்காரர் ஒருவர், விட்ட குடி மீண்டும் இழுப்பதை உணர்ந்தார். தப்பிக்க வழி தேடியவர், அந்த ஊரில் இன்னொரு குடிகாரர் யார் என்று விசாரித்து, ஓர் அறுவை மருத்துவரைக் கண்டு மனம்விட்டுப் பேசினார். அவ்விருவரிடமிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்தது. பிறருக்கு உதவப் போனவர் தாமும் பிழைத்தார் என்பதே அதன் உயிர்நிலை. அதே வழியைப் பின்பற்றி, 1957 ஜனவரியில் இரண்டு சூதாட்டக்காரர்கள் சந்தித்து அடிக்கடி பேசிவந்தனர். அவர்களின் முயற்சியால் 'கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பின் முதல் கூட்டம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1957 செப்டம்பர் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை கூடியது. வெள்ளிக்கிழமையோடு கூடிய 13ஆம் தேதியை மேல்நாட்டார் ராசியற்ற நாள் என்று அஞ்சுவர். ராசியை நம்பிக் கெட்டவர்களுக்கு அது பொருத்தமான தொடக்கம்தான்!

கூட்டத்தில் தலைவர், பேச்சாளர், பொன்னாடை எதுவும் கிடையாது. உறுப்பினர் ஒருவர் முறைவைத்து நடத்துவார். இயற்பெயரின் முதற்பகுதி மட்டுமே சொன்னால் போதும். தொழிலும் முகவரியும் யாரும் கேட்பதில்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, சூதாட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். புதிதாக வருபவரிடம் இருபது கேள்விகள் கொண்ட தாளைத் தருவார்கள். தோற்றபின் உடனே திரும்பிப் போய் மீட்க வேண்டும் என்று தோன்றியதா, கடனை அடைக்க ஆடியதுண்டா, ஆட்டத்துக்கு வைத்த பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்க மனம் வராமல் இருந்ததா என்பவை போன்ற கேள்விகள் அவை. ஏழு அல்லது அதற்கு மேல் 'ஆம்' என்றால் நோய் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவர். குறுக்கே பேசுவதில்லை. "இன்று ஒரு நாள் ஆடமாட்டேன்" என்பதே எல்லாருடைய சபதமும். வாழ்நாள் முழுதுக்கும் சத்தியம் செய்து, மறுவாரமே முறித்து வெட்கப்பட்டவர்கள் அவர்கள். ஆகவே ஒரு நாள் போதும் என்கிறார்கள்.

இதில் என்ன பெரிய பயன் என்று கேட்கலாம். சூதாட்டக்காரர் பொய் சொல்வதில் தேர்ந்துவிட்டவர். மனைவியிடமும் முதலாளியிடமும், ஏன், மருத்துவரிடமும் அவரால் பாதிக் கடனை மறைக்க முடியும். அதே பொய்களைச் சொல்லிச் சலித்த பத்துப் பேர் முன்னால் மறைக்க முடியாது. அதோடு, வீட்டிலும் உறவிலும் அவர் குற்றவாளி. அந்த அறையில் அவர் பத்தோடு பதினொன்று. மூன்று ஆண்டுகளாக ஆடாதவர் ஒருவர் எதிர் நாற்காலியில் அமர்ந்து, "நானும் என் தம்பியின் கல்யாணப் பணத்தை எடுத்தேன்" என்று அமைதியாகச் சொல்லும்போது உண்டாகும் நம்பிக்கையை என் போன்றவர் மேடையேறி ஒரு மணி நேரம் பேசினாலும் ஊட்ட முடியாது. நள்ளிரவில் கை துறுதுறுக்கும்போது அழைக்கச் சில தொலைபேசி எண்களும் அவருக்குக் கிடைக்கின்றன.

கடன் விஷயத்தில் இவர்கள் கையாளும் முறை நம் குடும்பங்களுக்குக் கசப்பாக இருக்கும். 'இந்த ஒரு தடவை' என்று அப்பாவும் அண்ணனும் சேர்ந்து கடனை அடைத்துவிடுவது நம் வழக்கம். பாசத்தால் செய்வதுதான். ஆனால் கடன் தீர்ந்த மறுநாள், அடுத்த கடன் வாங்க இடம் பிறந்துவிடுகிறது. குழுவில், சில வாரங்கள் ஆடாமல் இருந்தவரையும் அவர் மனைவியையும் அனுபவப்பட்டவர்கள் தனியே அமர்த்தி, எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதச் சொல்கிறார்கள். வரவு எவ்வளவு, வீட்டுச் செலவு போக மிச்சம் எவ்வளவு, யாருக்கு மாதம் எத்தனை வெள்ளி என்று பிரிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஆனாலும் அவரே சம்பாதித்து அடைக்க வேண்டும். பணப் பொறுப்பு மனைவி கைக்கு மாறும். குடும்பத்தாருக்கென்று 'கேம்-அனான்' என்ற தனிக் குழுக்களும் உண்டு. கணவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் மனைவி அங்கே போகலாம். சொல்லப்போனால் முதலில் உதவி தேடி வருபவர் பெரும்பாலும் அவர்தான்.

நன்கொடை தரும் அன்பர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இது மந்திரக்கோல் அன்று. ஸ்காட்லாந்தில் 1988இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஓராண்டு முழுதும் அறவே ஆடாமல் இருந்தவர் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவே. பலர் ஓரிரு முறை வந்து நின்றுவிடுகிறார்கள். தொடர்ந்து வருபவர்களும், கூட்டத்தோடு மருத்துவ ஆலோசனையும் பெறுபவர்களுமே தேறுகிறார்கள். ஆகவே ஒன்றை விட்டு மற்றொன்று என்று எண்ணக் கூடாது. மனநலக் கழகத்தில் இதற்குச் சிகிச்சை உண்டு. சூதாட்டக் கூடங்களுக்குள் தம்மை அனுமதிக்க வேண்டாம் என்று ஒருவர் தாமே விண்ணப்பித்துத் தடை போட்டுக்கொள்ளலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். ஒரு நாள் நுழைவுக்குச் சிங்கப்பூரர் கட்ட வேண்டிய தீர்வை 2019இல் 100 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்ந்தது. நோய் முற்றியவருக்கு அதுவும் மீட்க வேண்டிய பணத்தில் சேர்ந்துவிடும்; தடைதான் உதவும்.

சிங்கப்பூரில் இத்தகைய குழுக்கள் இல்லாமல் இல்லை. அவற்றுள் சில கிறிஸ்துவத் தொண்டு அமைப்புகளின் ஆதரவில் நல்ல பணி செய்துவருகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சீனத்திலோ பேசுகிறார்கள். அழுகையும் அவமானமும் தாய்மொழியில் வருபவை. தமிழில் பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அறை கேட்பதன் காரணம்.

'கோயிலில் சூதாடிகளுக்கு இடமா?' என்று குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வியாக அதை நான் எண்ணவில்லை. அவர்கள் ஏற்கெனவே கோயிலில்தான் இருக்கிறார்கள். சந்நிதியில் எண் கேட்டு வேண்டுபவர் யார்? கனவில் கண்ட எண்ணையும், விபத்துக்குள்ளான காரின் எண்ணையும் தாளில் எழுதி அம்மன் காலடியில் வைக்கச் சொல்பவர் யார்? விழுந்தால் உபயம் செய்கிறேன் என்று வேண்டி, விழுந்தபின் செய்தும் இருக்கிறார்கள், ரசீது கொடுத்திருக்கிறோம். அந்தப் பணத்தை வாங்கக் கூசாத நாம், இந்த மனிதர்களுக்கு ஒரு கதவைத் திறக்கக் கூசுவது முறையா என்பதை நிர்வாகம் தீர்மானிக்கட்டும். இவர்களின் நெறியில், தமக்கு மேற்பட்ட ஓர் ஆற்றலை நம்புதல் என்று ஒரு படி வருகிறது. அது எந்தத் தெய்வம் என்பது அவரவர் விருப்பம். அதனால் நம் சமயத்துக்கு முரண் எதுவும் இல்லை.

நன்கொடையாளர்களுக்கு வியப்பாக இருக்கக்கூடிய ஒன்று: இக்குழுக்கள் வெளியார் பணத்தை வாங்குவதில்லை. கூட்டத்தின் முடிவில் உறுப்பினர்களே ஒரு பையில் போடும் வெள்ளியில் தேநீர்ச் செலவையும் வாடகையையும் பார்த்துக்கொள்வர். அறையை இலவசமாகத் தந்தாலும் ஒரு சிறு தொகை கட்டவே விரும்புவார்கள். மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்கும் உபயம் இதில் இல்லை. அவர்களுக்கு வேண்டியது மாலை வேளையில் ஓர் அறை, பதினைந்து நாற்காலிகள், தேநீர் போடச் சிறிது வசதி. திருமண மண்டபத்தின் வழியாகச் செல்ல வேண்டிய அறை ஆகாது. தெரிந்தவர் கண்ணில் படுவோமே என்று திரும்பிப் போய்விடுவர். பக்கவாட்டுப் படிக்கட்டு உள்ள மாடியறை பொருந்தும். வருகைப் பதிவேடு வைக்கக் கூடாது. நிர்வாகக் குழுவினர் எட்டிப் பார்ப்பதும், நான் உட்பட, கூடாது.

இப்போதே உதவி வேண்டுவோர் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668க்கு அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர், அல்லது வீட்டில் ஒருவருக்கு அப்படி இருக்குமோ என்று அஞ்சுபவர், 1767 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அறை பற்றிய தங்கள் கருத்துகளை அன்பர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பாக அலுவலகத்தில் எழுத்து வழியே தரலாம். பெயர் எழுத வேண்டிய அவசியம் இல்லை.