ஒரு சொல்லும் ஆறு டிரிங்க்கும்

1980. அமெரிக்காவின் தென் ஃபுளோரிடா. நினைவிழந்த 18 வயதுப் பையன் ஒருவனை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். கியூபாவைச் சேர்ந்த குடும்பம். அவர்கள் ஸ்பானிஷில் சொன்ன சொல் 'இன்டோக்ஸிகாடோ'. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் அர்த்தம். டாக்டர்களோ அதை 'இன்டாக்ஸிகேட்டட்' என்று எடுத்துக்கொண்டு போதை மருந்துக்குச் சிகிச்சை செய்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவருவதற்குள் இரண்டு கை, இரண்டு கால் எல்லாம் போய்விட்டது.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஸ்ட்ரிங் ஃபைலை மாற்றினால் மொழிபெயர்ப்பு முடிஞ்சுது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஸ்பானிஷ் பேசுபவர்களிடம் நடந்த போதை சிகிச்சை ஆய்வுகளைப் படித்தபின் அந்த நினைப்பு போயிற்று.

"ஒரே சமயத்தில் 6 டிரிங்க் குடிப்பதுண்டா?" என்ற கேள்வியை எடுத்துக்குங்க. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் 14 கிராம் ஆல்கஹால். ஸ்பெயின் கணக்கில் 10. ஆக 6 டிரிங்க் ஓரிடத்தில் 84 கிராம், இன்னோரிடத்தில் 60. வாக்கியத்தில் பிழையே இல்லை, அளவுகோல்தான் வேறு.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க, மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது வழக்கம். ஆனால் 6 என்பது 6 ஆகவே திரும்பிவரும். டெஸ்ட் பாஸ், பக் அப்படியே இருக்கும்! நோயாளியிடமே "இதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டால்தான் பிடிபடும்.

சிகிச்சைக்கும் இது பொருந்தும். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 5 மையங்கள், 405 பேர். மனமாற்றத்துக்கு ஊக்கமூட்டும் 3 அமர்வுகளையும் வழக்கமான ஆலோசனையையும் ஒப்பிட்டார்கள், இரண்டும் ஸ்பானிஷில்தான். இரு பக்கமும் போதைப் பழக்கம் குறைந்தது, ஒட்டுமொத்தத்தில் வித்தியாசமில்லை. மதுப் பிரச்சினை உள்ளவர்களிடம் மட்டும் ஊக்க அமர்வுக்குப் பலன் தெரிந்தது.

2018-ல் யேல் குழு வேறு வழியில் போனது. கம்ப்யூட்டரில் பாடம், ஆனால் டெலிநாவலா, அதாவது அவர்கள் ஊர் மெகா சீரியல் பாணியில். 92 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தார்கள். அவர்களிடம் பழக்கம் கூடுதலாகக் குறைந்தது. 6 மாதத் தொடர்கண்காணிப்பிலும் அது நிலைத்தது. சீரியல் பாணிதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. கூடுதல் பாடமே ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போதெல்லாம் 'குடி குறைந்தது' என்று ஓர் அட்டவணை சொன்னால் முதலில் ஒன்று தேடுகிறேன்: அந்தக் கேள்வி அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?