சிவகாசி அச்சும் கல்லூரி நூலகமும்

1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவி, வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியாலும் வணிகர் தந்த மகமையாலும் அதை வளர்த்த விருதுநகர், கல்வியை ஊரின் பொதுச் செலவாகக் கருதப் பழகிய நகரம். காமராஜர் பயின்ற அப்பள்ளியைத் தொடர்ந்து, விருதுநகரில் 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும், சிவகாசியில் 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் எழுந்தன. நல்லாசிரியரும் நாலு அலமாரிப் புத்தகமும் இருந்தால் கலைக் கல்லூரிக்குப் போதும் என்றிருந்த அக்காலம் கழிந்து, இணையமும் மின்னூல் தொகுதிகளும் கல்லூரியின் அங்கங்களாகிவிட்ட இந்நாளில், அவற்றால் விளையும் பிரயோஜனம் யாது என்று சிந்திப்பது அவசியம்.

காந்திநகரில் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் என்னும் மத்திய ஸ்தாபனம் 2010 முதல் நடத்திவரும் ‘என்-லிஸ்ட்’ திட்டத்தில் சேரும் கல்லூரிக்கு, 6,000-க்கு மேற்பட்ட ஆய்விதழ்களும் லட்சக்கணக்கான மின்னூல்களும் திறந்துவிடப்படுகின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கிடைப்பதே இதன் சிறப்பு. கடைசி மணி அடித்ததும் பஸ் பிடித்து ஊர் திரும்பவேண்டிய மாணவி, பகலில் நூலகத்தில் உட்கார வாய்க்காத ஒரு மணி நேரத்தை, இரவில் தன் கைப்பேசியிலேயே பெறுகிறாள்.

தமிழ் பயில்வோருக்கு வாய்த்த பொக்கிஷங்களும் குறைந்தவையல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் தட்டெழுதி இலவசமாக வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய அச்சுப் பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறது. இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர்தல் நன்று. தட்டெழுதிய நூலில் ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் இடங்களெல்லாம் நொடியில் தென்படும். படமாக உள்ள நூலிலோ மூலத்தின் எழுத்தமைப்பும் பதிப்புக் குறிப்பும் பிசகாமல் நிற்கும், ஆனால் தேடும் வசதி குறையும்.

எனினும், என்-லிஸ்ட் போன்ற திட்டத்துக்குச் சந்தா செலுத்தியதோடு கடமை தீர்ந்ததென்று நிர்வாகம் கருதுமாயின், கடவுச்சொல் கடிதத்திலேயே உறங்கும். கைடு புத்தகத்தைப் படித்தே தேர்வெழுதிவிடலாம் என்ற நிலை இருக்கும்வரை, எந்த மாணவரும் ஆய்விதழைத் திறக்கப்போவதில்லை. “இக்கட்டுரையைத் தேடிப் படித்து, இதன் வாதத்துக்கு மறுப்பெழுதி வா” என்று ஆசிரியர் பணிக்கும் நாளில்தான் சாதனம் கல்வியாகிறது.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பிறர் தொகுத்தவற்றைப் பெறுவதில் காட்டும் ஊக்கத்தை, தம்மிடமுள்ளதைத் தொகுத்து உலகுக்களிப்பதிலும் இவ்வட்டாரக் கல்லூரிகள் காட்டவேண்டும். தீப்பெட்டி லேபிளும், பட்டாசுக் கட்டின் மேலுறையும், தெய்வப்படக் காலண்டரும் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்றது சிவகாசியிலிருந்துதான். வணிகம், பக்தி, அரசியல், ஓவியம் ஆகிய நான்கையும் ஒருங்கே காட்டும் இச்சரித்திரச் சான்றுகளோ, வருஷம் முடிந்ததும் குப்பைக்குப் போகின்றன. காலண்டரிலாவது ஆண்டு அச்சாகியிருக்கும். லேபிளில் அதுவும் இராது. ஆகவே, படமெடுப்பதோடு நில்லாமல், எந்தத் தொழிற்சாலைக்காக, எந்த அச்சகத்தில், ஏறக்குறைய எந்த ஆண்டில் அச்சானது, அளவென்ன, எம்மொழி என்ற விவரங்களை மூத்த தொழிலாளரிடம் விசாரித்து உடன் எழுதிவைத்தால்தான் அப்படம் ஆவணமாகும். இப்பணியில் சரித்திர மாணவருக்கு ஆராய்ச்சியும், வணிகவியல் மாணவருக்குச் சந்தையறிவும், தமிழ் மாணவருக்கு விளம்பர நடையின் வரலாறும் ஒருசேரக் கிட்டும். பதிப்புரிமை உள்ள படங்களை உரியவரின் சம்மதத்தோடு வெளியிடுதல் முறை. ஸ்கேனரும் நிறம் திருத்தும் நிபுணரும் தெருவுக்குத் தெரு உள்ள ஊரில், இதற்கான தொழில்திறனை வெளியூரிலிருந்து வரவழைக்கவேண்டியதில்லை.

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியிடப்படுவது வழக்கம். அவற்றில் ஒரு பிரதியை அருகிலுள்ள கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவைக்க அச்சக உரிமையாளர்கள் முன்வரவேண்டும். கொடுத்ததைப் பதிந்து, வகைப்படுத்தி, எவரும் காணுமாறு இணையத்தில் ஏற்றுவதைக் கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தின் பகுதியாகவே ஏற்கவேண்டும்.