ரோஸிக்கு வந்த தாகம்

எங்கள் ரோஸிக்கு அப்போது 10 வயசு. சாதாரண நாட்டு நாய்தான். ஆனால் என் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக வளர்ந்தவள். போன சித்திரையில் திடீரென்று தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தாள். ராத்திரியில் மூன்று நாலு தரம் வெளியே போகக் கதவைப் பிறாண்டுவாள். "வெயில் இப்படிக் கொளுத்தினால் வாயில்லா ஜீவன் என்னடி பண்ணும்?" என்றார் மாமியார். நானும் மோர்சாதம் பிசைந்து வைத்ததோடு சரி. அந்த 5 நாளை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

ஆறாம் நாள் சாதத்தைத் தொடவில்லை. வாந்தி வேறு. தெருக்கோடி டாக்டர் அஜீரணம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போ பருவத்துக்கு வந்தா?" மாசிக் கடைசியில். "7 வாரம் ஆச்சு, இல்லையா?" என்றவர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கர்ப்பப்பை இரண்டு பக்கமும் குழாயாக வீங்கி, உள்ளே சீழ்! ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் ஏகத்துக்கு ஏறியிருந்தன. 'பையோமெட்ரா' என்று இதற்குப் பெயராம்.

பருவம் முடிந்த பிறகு, சினை இல்லாவிட்டாலும், இரண்டு மாசம் போல நாயின் உடம்பில் புரொஜெஸ்டிரோன் சுரக்கிறது. வருஷா வருஷம் இப்படியே நடந்து கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் போகிறது. அதில் கிருமி புகுந்தால் சீழ்தான். அந்த விஷம் சிறுநீரகத்தைப் பாதிப்பதால்தான் அத்தனை தாகம்! சில நாய்களுக்குப் பின்பக்கம் சீழ் கசியும். அதுவும் நக்கிச் சுத்தம் செய்துவிட்டால் நம் கண்ணில் படாது. கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. அதுதான் அதிக ஆபத்து. ரோஸிக்கு வந்தது அந்த ரகம்.

"இந்த வயசில் மயக்க மருந்து தாங்குமா?" என்று கேட்டேன்.

"பயம் இருக்கத்தான் செய்யும்மா. ஆனா விட்டா உள்ளேயே வெடிச்சிடும்."

இவர் கையெழுத்துப் போட்டார். நான் வேண்டாத தெய்வமில்லை. முதலில் ட்ரிப், ஆன்டிபயாடிக். பிறகு ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்கள். ட்ரேயில் காட்டியபோது என்னால் பார்க்க முடியவில்லை.

தையலை நக்காமலிருக்கச் சின்னவனின் பழைய பனியனை மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் நொய்க்கஞ்சியை நக்கிக் குடித்தாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் 6 வயசு ஜூலி வைத்திருக்கிறாள். குட்டி வேண்டாமென்றால் இப்போதே ஆபரேஷன் செய்துவிடச் சொன்னேன். "ஐயோ பாவம் மாமி" என்றவள், ரோஸியின் வயிற்றுத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, வேப்பேரிக்கு எந்த பஸ் என்று கேட்டாள்.