வெப்சைட் வீடு மாறுது... மெயில் எங்கே போகும்? ஹோஸ்டிங் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு குவார்ட்டர்ஸ் மாறுவது ஒன்றும் புதுசில்லை. வீட்டில் ஒருத்தருக்கு பதவி உயர்வு வந்தா ஒரு வட்டத்துல இருந்து இன்னொரு வட்டத்துக்கு. ரிட்டயர் ஆனா டவுன்ஷிப்பையே காலி பண்ணிட்டு வடலூர் பக்கமோ, மந்தாரக்குப்பம் பக்கமோ. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நாள்ல வண்டி ஏறிடும். ஆனா, முகவரி மாத்திக் கொடுக்காத வரைக்கும் பேங்க் லெட்டர் பழைய வீட்டுக்கேதான் போகும்.

வெப்சைட்டுக்கு ஹோஸ்டிங் மாத்தும்போதும் இதே கதைதான்.

பண்ருட்டி முந்திரியை ஆன்லைனில் விற்கும் ஒரு சின்ன கடை இருக்குன்னு வச்சுக்குவோம். ரினியூவல் கட்டணம் ஏறிடுச்சுன்னு வேற கம்பெனிக்கு ஹோஸ்டிங்கை மாத்துறாங்க. புது இடத்துல சைட் ஜம்முனு திறக்குது. ஆனா, கடை பெயரில் இருக்கும் மெயிலுக்கு தீபாவளி ஆர்டர் கேட்டு வந்த விசாரணை மட்டும் கைக்கு வரல. பதில் வராததால அந்த ஆள் வேற கடைக்குப் போயிடுவார். சைட் படுத்துட்டா நாலு பேர் போன் பண்ணிச் சொல்வாங்க. வராத மெயிலைப் பத்தி யார் சொல்வாங்க? அதுதான் இதுல இருக்கிற ஆபத்து.

நாலு வேலை, நாலு இடம்

'எல்லாம் ஒரே கம்பெனிதானே பார்த்துக்குது' என்று நாம் நினைப்போம். உண்மையில் இது நாலு தனித்தனி வேலை. டொமைன் பெயரைப் பதிவு செய்து தருபவர் ரெஜிஸ்ட்ரார். சைட்டின் ஃபைல்கள் இருக்கும் இடம் ஹோஸ்டிங். மெயில்பாக்ஸ் இருக்கும் இடம் மெயில் சர்வர். 'இந்தப் பெயரைக் கேட்டா எங்கே அனுப்பணும்' என்று வழி சொல்லும் இடம் டிஎன்எஸ். இந்த நாலும் ஒரே கம்பெனியில் இருக்கலாம், நாலு கம்பெனியிலும் இருக்கலாம்.

1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ்தான் இன்றைக்கும் இணையத்தின் முகவரிப் புத்தகம். அதில் உங்கள் டொமைனுக்கு ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு.

* ஏ ரெக்கார்டு: சைட் எந்த சர்வரில் இருக்கு என்று சொல்லும்.
* எம்எக்ஸ் ரெக்கார்டு: மெயிலை எந்த சர்வரில் கொடுக்கணும் என்று சொல்லும்.
* டெக்ஸ்ட் ரெக்கார்டுகள்: எங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப். மெயிலில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க உதவுவது டிகேஐஎம். இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்யணும் என்று சொல்வது டிமார்க்.

சைட்டுக்கு ஒரு வரி, மெயிலுக்கு வேற வரி. இது மட்டும் மனசுல பதிஞ்சா போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

பெயர் மாறல, இடம் மட்டும் மாறுச்சு

இதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு. மத்திய அரசு ஊழியர்கள் உட்பட சுமார் 12 லட்சம் பேரின் அரசு மெயில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியிருக்கிறது. ஆனா, அவர்களின் முகவரியில் 'ஜிஓவி டாட் இன்', 'என்ஐசி டாட் இன்' என்பது அப்படியேதான் இருக்கு. மெயில் அனுப்புற நமக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. டொமைன் நம்ம கையில் இருந்தா, பின்னாடி இருக்கிற கம்பெனியை எப்போ வேணும்னாலும் மாத்திக்கலாம். 12 லட்சம் பேருக்கு முடிஞ்சது, நம்ம கடையின் மூணு மெயிலுக்கு முடியாதா என்ன?

எங்கே சிக்கல் வருது?

புது ஹோஸ்டிங் வாங்கியதும், 'உங்கள் நேம்சர்வரை இப்படி மாத்துங்க' என்று ஒரு மெயில் வரும். நாமும் மாத்திடுவோம். நேம்சர்வரை மாத்துறதுன்னா ஒரு வரியைத் திருத்துறது இல்லை, முகவரிப் புத்தகத்தையே மாத்துறது! புது புத்தகத்தில் சைட்டுக்கான வரி இருக்கும். ஆனா, ஜோஹோவிலோ கூகுளிலோ இருக்கும் உங்கள் மெயிலுக்கான வரி அதில் இருக்காது. பல இடங்களில் எம்எக்ஸ் புது ஹோஸ்ட்டையே காட்டும். மெயில் அங்கே போய், 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று திரும்பிடும்.

மாத்துறதுக்கு முன்னாடி...

1. இப்போது இருக்கும் எல்லா டிஎன்எஸ் ரெக்கார்டுகளையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, காப்பி பண்ணியும் வைங்க. டிகேஐஎம் நீளமா இருக்கும், ஸ்க்ரீனில் பாதி மறைஞ்சிடும்.

2. இரண்டு நாளுக்கு முன்னாடியே டிடிஎல் மதிப்பைக் குறைச்சு 300-ன்னு வைங்க. ஒரு ரெக்கார்டை மத்த சர்வர்கள் எத்தனை விநாடி ஞாபகம் வச்சிருக்கலாம் என்பதுதான் டிடிஎல். அது 86400 என்று இருந்தா, நீங்க மாத்தினது சிலருக்குத் தெரிய ஒரு நாள் முழுக்க ஆகலாம். 300-ன்னா அஞ்சே நிமிஷம்.

3. மெயில் வேற இடத்தில் இருந்தா, நேம்சர்வரைத் தொடாதீங்க. ஏ ரெக்கார்டை மட்டும் புது சர்வருக்குத் திருப்பினா போதும். நேம்சர்வரை மாத்தியே ஆகணும்னா, பழைய ரெக்கார்டுகளைப் புது இடத்தில் முதலில் எழுதிட்டு, அப்புறம் மாத்துங்க.

4. மெயில்பாக்ஸும் பழைய ஹோஸ்ட்டிலேயே இருந்தா வேலை கொஞ்சம் கூடும். புது இடத்தில் அதே பெயர்களில் மெயில்பாக்ஸ் உருவாக்கி, பழைய மெயில்களை ஐமேப் வழியா காப்பி பண்ணிக்கணும். பழைய கணக்கை மூடிட்டா உள்ளே இருந்த மெயிலும் போயிடும். அதனால இரண்டு வாரமாவது இரண்டு கணக்கும் ஓடட்டும்.

மாத்தின பிறகு...

ஜிமெயிலில் இருந்து கடை மெயிலுக்கு ஒண்ணு அனுப்புங்க, வந்ததும் பதில் போடுங்க. அந்தப் பதிலை கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, 'ஷோ ஒரிஜினல்' கொடுத்துப் பாருங்க. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணுக்கும் 'பாஸ்' என்று இருக்கணும். இல்லைன்னா உங்க பில், கொட்டேஷன் எல்லாம் ஸ்பாம் ஃபோல்டரில் தூங்கும். 2024 பிப்ரவரியில் இருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறாரா இருக்காங்க. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புறவங்களுக்கு மூணுமே கட்டாயம். எஸ்பிஎஃப் ஒரே ஒரு வரிதான் இருக்கணும். பழசு, புதுசு என்று இரண்டு இருந்தா இரண்டும் செல்லாது.

சைட்டில் இருக்கும் 'தொடர்புகொள்ள' ஃபார்மையும் சோதிங்க. உங்க டொமைனுக்கான மெயில்பாக்ஸ் தன்னிடமே இருக்கு என்று புது சர்வர் நினைச்சா, ஃபார்மில் வரும் விசாரணையை வெளியே அனுப்பாம தன்னிடமே வச்சுக்கும். சிபேனலில் 'இமெயில் ரவுட்டிங்' பகுதிக்குப் போய், 'ரிமோட்' என்று மாத்தினா சரியாகிடும்.

கடைசியா ஒண்ணு. டொமைன் பதிவு உங்கள் பெயரில் இருக்கா, சைட் செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கா? இன்னைக்கே பாருங்க. ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காம, தனி ஜிமெயில் கொடுங்க. கடை மெயில் நின்னுபோன அன்னைக்கு, அதைச் சரிபண்ண வேண்டிய ஓடிபியும் அங்கேயே போனா, வீட்டைப் பூட்டி சாவியை உள்ளேயே வச்ச மாதிரிதான்!