அன்னா சாண்டியின் பேனா

காலை எட்டரை மணிக்குப் பொத்தேரி ஸ்டேஷனில் நிற்போர், கறுப்பு அங்கியைக் கைமேல் மடித்துப் போட்டுக்கொண்டு கடற்கரை வண்டிக்குக் காத்திருக்கும் பெண் வக்கீல்களைக் காணலாம். சென்ற வாரம் நம் அருகில் நின்ற பெரியவர் ஒருவர், படித்தவர், பென்ஷன் வாங்குகிறவர், "ஆண்பிள்ளைகளுக்கே கேஸ் கிடைக்காத காலத்தில் இவர்களும் வந்துவிட்டார்களே, ஸார்!" என்று நம்மிடம் மெல்லச் சொன்னார். நாமும் அத்தொழிலினர் என்றறிந்து அனுதாபத்தை எதிர்பார்த்தார் போலும். வண்டி வந்துவிட்டபடியால் நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அந்த ஆட்சேபத்திற்கு 1928-ம் வருஷத்திலேயே திருவனந்தபுரத்தில் பதில் கூறப்பட்டுவிட்டது. கூறியவர் ஸ்ரீமதி அன்னா சாண்டி.

1905-ல் திருவனந்தபுரத்தில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாஞ்சில் நாட்டுத் தமிழருக்கும் அதுவே ராஜதானியாயிருந்த காலம் அது. சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். திருவிதாங்கூரில் அப்பட்டம் பெற்ற முதல் ஸ்திரீ அவரே. 1928-ல், ஸர்க்கார் உத்தியோகத்தில் ஸ்திரீகளுக்கு இடம் ஒதுக்குவதைப் பற்றி விவாதம் மூண்டது. பின்னாளில் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் மானுவலை எழுதிய டி.கே. வேலுப் பிள்ளை, ஸ்திரீகள் உத்தியோகம் பார்த்தால் இல்லற சுகம் குலைந்துவிடும் என்று வாதித்தார். அவர் கியாதி பெற்ற வக்கீல். இவருக்கு வயது இருபத்துமூன்று. இவரோ சிறிதும் தயங்காமல், அப்பெரியாருடைய பிரசங்கத்தை ஒரு பிராதாகவே பாவித்து, அதற்கு எதிர் வழக்குரைப்பதுபோல் ஒவ்வொரு வாதத்திற்கும் வரிசையாகப் பதில் கூறினார். புருஷனுடைய வருவாய்க்கு இடையூறு நேரும் காலத்தில் குடும்பத்தைத் தாங்குவது மனைவியின் சம்பாத்தியமன்றோ என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. கேலியும் தாராளமாகவே இருந்தது. கோபப்பட்டிருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள். சிரிக்க வைத்தார், ஆகையால் இன்றும் பேசுகிறோம்.

வழக்காடுவதோடு அவர் நிற்கவில்லை. 'ஸ்ரீமதி' என்ற மலையாளப் பத்திரிகையைத் தாமே ஸ்தாபித்துத் தாமே ஆசிரியராயிருந்து நடத்தினார். ஸ்ரீமூலம் பிரஜா சபைத் தேர்தலில் நின்றபோது, எதிர் அபேட்சகர்களோடு பத்திரிகைகளும் பகைமை பாராட்டின. பத்திரிகைத் தொழிலினர் என்ற முறையில் இதை எழுத நமக்கு வெட்கமாயிருக்கிறது. அவற்றையெல்லாம் கடந்து 1932 முதல் 1934 வரை அவர் சபையில் அங்கம் வகித்தார்.

மலையாள ஸ்திரீகளுக்குச் சொத்துரிமையும் வோட்டுரிமையும் இருந்தும், தம் தேகத்தின் மீது அவர்களுக்கு உரிமையுண்டா என்று அவர் வினவினார். கர்ப்பத்தடை பற்றியும் பிரசவ சுகாதாரம் பற்றியும் பெண்களுக்கு அறிவூட்டும் வைத்திய நிலையங்கள் வேண்டுமென்று 1935-ல் வற்புறுத்தினார். அக்காலத்தில் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஸ்திரீகளுக்குத் தூக்குத்தண்டனை கூடாதென்றிருந்த திருவிதாங்கூர்ச் சட்டத்தையும் சமத்துவத்தின் பேரால் அவர் எதிர்த்தார். இதில் நாம் அவரோடு உடன்படோம். தூக்குக் கயிற்றை இருபாலார்க்கும் சமமாகப் பங்கிடுவதைக் காட்டிலும் அறவே அறுத்தெறிவது நலம் என்பது நம் கட்சி. ஆனால் தமக்கு வசதியான சலுகையையும் மறுக்கும் நேர்மை எத்தனை பேருக்கு வரும்?

1937-ல் முன்சீப், 1948-ல் ஜில்லா ஜட்ஜ், 1959-ல் கேரள ஹைக்கோர்ட் நீதிபதி என அவர் உயர்ந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். இங்கிலாந்தின் ஹைக்கோர்ட்டில் எலிசபெத் லேன் அமர்ந்தது 1965-ல்தான். நம் சுப்ரீம் கோர்ட்டுக்கு முதல் பெண் நீதிபதி வாய்த்தது 1989-ல். அவர் பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்குக் கவர்னராக வந்த பாத்திமா பீவி. அன்னா சாண்டி 1967-ல் ஓய்வு பெற்று, 1973-ல் சுயசரிதையும் எழுதி, 1996-ல் காலமானார்.

பதவிகளைவிட அவர் எழுப்பிய வினாவே நம் மனத்தில் நிற்கிறது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்துள்ள பாரதிய நியாய ஸன்ஹிதையின் 63-வது பிரிவைப் பாருங்கள். மனைவி பதினெட்டு வயதுக்குக் குறையாதவளாயின், அவள் சம்மதமின்றிப் புருஷன் கூடுவது பலாத்காரக் குற்றமாகாது என்னும் விலக்கு அதில் அப்படியே இருக்கிறது. 1860-ம் வருஷத்து வெள்ளையர் சட்டத்திலிருந்து, வயது வரம்பு மட்டும் மாறி, நாம் பத்திரமாக எடுத்து வந்த சொத்து இது! அந்நியன் விட்டுச்சென்றதையெல்லாம் களைவோம் என்றவர்கள் இதை மட்டும் ஏன் களையவில்லை?

இவ்விலக்கைக் கண்டித்து சென்ற மாதம் நாம் எழுதியதற்குக் கடிதங்கள் பல வந்துள்ளன. பெரும்பாலானவை, குடும்பம் குலைந்துவிடும் என்கின்றன. வேலுப் பிள்ளையவர்களின் வாதமேதான், தேதி மட்டும் புதியது. வசையை நீக்கி அக்கடிதங்களை வரும் ஞாயிறு முதல் பிரசுரிப்போம். ஒவ்வொன்றின் கீழும், ஸ்ரீமதி அன்னா சாண்டியின் முறைப்படி, பிராதுக்குப் பதில் இருக்கும்.