வீட்டுக் கணனிக்கு ஐ.எஸ்.டி.என். மொடம்

மகள் இணையத்தில் இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிடுகிறது என்பது முன்பு பல பெற்றோரின் குறையாக இருந்தது. இதைத் தீர்க்க வந்ததே ஐ.எஸ்.டி.என். இணைப்பு. ஒரே தொலைபேசிக் கம்பியில், செக்கனுக்கு 64 கிலோபிட் வேகமுள்ள இரு தடங்கள் இதில் இருந்தன. ஒன்றில் மகள் பாடம் தேட முடிந்தது. மற்றதில் உம்மா பேச முடிந்தது. அன்றைய சாதாரண மொடத்தின் உச்ச வேகமோ 56 கிலோபிட்டாகவே இருந்தது.

மொடம் என்று அழைத்தாலும் இது தகவலை ஒலியாக மாற்றவில்லை, இலக்கமுறையிலேயே அனுப்பியது. அதனால் சில செக்கன்களில் தொடர்பு கிடைத்துவிட்டது.

பொருத்தும் முறை எளிதாக இருந்தது. தொலைபேசி நிறுவனத்தார் சுவரில் பூட்டிய சிறு பெட்டியையும் மொடத்தையும் வயரால் இணைத்தார்கள். மொடத்துடன் வந்த இறுவட்டிலிருந்த மென்பொருளைக் கணனியில் நிறுவி, மொடத்தை யூ.எஸ்.பி. வழியாகச் செருகினார்கள். பின் இணைய நிறுவனம் தந்த தொலைபேசி இலக்கம், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைப் பதிந்தார்கள். பழைய தொலைபேசியை மொடத்தின் பின்புறத்தில் செருக முடிந்தது.

இரு தடங்களையும் சேர்த்தபோது 128 கிலோபிட் வேகம் கிடைத்தது. ஆனால் இரண்டு அழைப்புகளுக்கான கட்டணம் ஏறியது. பெரிய கோப்புகளை இறக்கும்போது மட்டும் சேர்ப்பதே சிக்கனமாக இருந்தது.

மின்சாரம் நின்றபோது மொடமும் அதில் செருகிய தொலைபேசியும் இயங்கவில்லை. எனவே அவசரத்துக்கு ஒரு கையடக்கத் தொலைபேசியேனும் வீட்டில் இருப்பது தேவைப்பட்டது.